துணி அரிக்கும் பூச்சிகள்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி மழைக்கு ஸ்வெட்டரையும் கம்பளியையும் வெளியே எடுக்கும்போது ஒரு சுற்று, தை பிறந்து கல்யாணத்துக்குப் பட்டை எடுக்கும்போது இன்னொரு சுற்று என்று இந்தக் கேள்விகள் வருஷாவருஷம் வருகின்றன. பெரும்பாலும் படத்தோடு வரும். பாதிப் படங்களில் ஓட்டை இருக்கும், பூச்சி இருக்காது. மீதியில் பூச்சி இருக்கும், ஆனால் அது ஓட்டை போட்ட பூச்சியாக இருக்காது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதற்குப் பதிலாக எல்லாவற்றையும் இங்கே தொகுத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

அந்துப்பூச்சின்னா எப்படி இருக்கும்? அதுதான் துணியைத் தின்னுதா?

துணிக்கு வரும் அந்து ரொம்பச் சின்னது. இறக்கையை மடக்கி உட்கார்ந்திருந்தால் 6, 7 மில்லிமீட்டர் நீளம்தான். வெளிறிய பொன்னிறத்தில் மினுமினுக்கும், தலையில் செம்பழுப்பாக ஒரு முடிக்கற்றை இருக்கும், இறக்கையில் புள்ளி கிடையாது. டினியோலா பிஸ்ஸெல்லியெல்லா என்பது இதன் அறிவியல் பெயர். இதற்குப் பங்காளி முறையில் டினியா பெல்லியோனெல்லா என்று இன்னொன்று உண்டு. அது கொஞ்சம் சாம்பல் கலந்த பழுப்பு, இறக்கையில் மங்கலாக மூன்று கரும்புள்ளிகள் தெரியும், அதன் புழு தன்னைச் சுற்றி ஒரு சின்னக் கூடு நெய்து அதை இழுத்துக்கொண்டே திரியும்.

தின்பது புழு, பறக்கும் பூச்சி இல்லை. பறக்கும் பருவத்தில் இவற்றுக்குச் சாப்பிடும் வாயமைப்பே கிடையாது. புழுவாக இருந்தபோது சேர்த்துவைத்த தெம்பில் சில வாரம் உயிரோடிருந்து, இணை சேர்ந்து, முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். ஒரு பெண் பூச்சி நாற்பது ஐம்பது முட்டைகளைத் துணி இழைகளுக்கு நடுவே ஒட்டிவைக்கும். ஒவ்வொரு முட்டையும் அரை மில்லிமீட்டர், வெறும் கண்ணுக்குத் தூசு மாதிரிதான் தெரியும். நம் ஊர் வெக்கையில் நாலு நாளிலிருந்து பத்து நாளுக்குள் பொரிந்துவிடும். வெளியே வரும் புழு வெள்ளையாக, பழுப்புத் தலையோடு இருக்கும். தீனியும் ஈரப்பதமும் சரியாக இருந்தால் அது ஒன்றரை மாதத்திற்குள்கூட வளர்ந்துவிடும், இல்லாவிட்டால் இரண்டு வருஷம் வரை இழுத்துக்கொண்டு கிடக்கும். இந்த இரண்டு வருஷக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ராத்திரி டியூப்லைட்டைச் சுத்தி நிறைய பூச்சி பறக்குது. பீரோவைப் பூட்டணுமா?

வேண்டாம். வெளிச்சத்தைத் தேடி வருவது துணி அந்து இல்லை. துணி அந்துக்கு வெளிச்சம் ஆகாது, பீரோவைத் திறந்தால் பறந்து வெளியே வருவதை விட மடிப்புக்குள் ஓடி ஒளிவதுதான் அதன் வழக்கம். அதிலும் பெண் பூச்சி அதிகம் பறக்காது, ஓடும், தத்தும். மழை விட்ட இரவில் விளக்கைச் சுற்றுபவை வெளியே செடிகொடிகளில் பிறந்தவை, பெரிய பெரிய பழுப்பு இறக்கையோடு சுவரில் ஒட்டிக்கொண்டு குழந்தைகளைப் பயமுறுத்துபவையும் அப்படித்தான். விளக்கை அணைத்தால் போய்விடும்.

அரிசி டப்பாவுல பறக்குற அந்துதான் புடவைக்கும் போகுமா?

போகாது. அரிசி, ரவை, மாவு, நிலக்கடலையில் நூலாம்படை போலக் கட்டிகட்டியாகச் சேர்த்துவைப்பது வேறு அந்து, நெல் மூட்டையில் வருவது இன்னொரு அந்து. அவை தானியத்தில் பிறந்து தானியத்தில் வளர்பவை, கம்பளியில் விட்டாலும் பட்டினிதான் கிடக்கும். அடுப்படியில் பறந்தால் டப்பாக்களைப் பாருங்கள், படுக்கையறை பீரோவிலோ பரணிலோ தெரிந்தால் துணியைப் பாருங்கள்.

சுவத்துல சாம்பல் கலர்ல ஒரு சின்னப் பொட்டலம் தானா நகருது. மண்ணா, புழுவா, என்ன அது?

எனக்கு வரும் படங்களில் பூச்சி தெரிபவற்றில் பாதிக்கு மேல் இதுதான். பூசணி விதை அளவில், அதே மாதிரி நடுவில் அகன்று இரண்டு முனையும் குறுகி, தட்டையாகச் சாம்பல் நிறத்தில் ஒன்று குளியலறைச் சுவரிலோ கட்டிலுக்குப் பின்னாலோ ஒட்டிக்கொண்டிருக்கும். செத்த தூசு என்று நினைத்துத் துடைக்கப் போனால் மெல்ல நகரும். இதுவும் அந்துக் குடும்பம்தான், ஃபெரியோகா என்ற இனம். உள்ளே இருப்பது புழு. தான் சுரக்கும் பட்டு நூலில் சுண்ணாம்புத் துகள், மணல், துணித்தூசு, முடி எல்லாவற்றையும் ஒட்டி அந்த உறையைக் கட்டிக்கொள்கிறது.

ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், நேரம் போவது தெரியாது. ஒரு முனையிலிருந்து பழுப்புத் தலையும் மூன்று ஜோடிக் காலும் வெளியே வரும், சுவரைப் பற்றிக்கொண்டு உறையை ஒரு இழு இழுக்கும், நிற்கும், மறுபடி இழுக்கும். விரலால் தொட்டால் உள்ளே போய்விடும். கொஞ்சம் பொறுத்தால் அடுத்த முனையிலிருந்து தலை நீட்டும். இரண்டு பக்கமும் திறப்பு உண்டு, நடுவில் அகலமாக இருப்பதே உள்ளே திரும்பிக்கொள்வதற்குத்தான். உறை ஒன்றேகால் சென்டிமீட்டர் போல இருந்தால் புழு வளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

அந்தப் பொட்டலப் புழு துணியைத் தின்னுமா? கடிக்குமா?

கடிக்காது. அதற்குப் பிடித்த சாப்பாடு பழைய ஒட்டடை, உதிர்ந்த தலைமுடி, செத்த எறும்பு, கொசு, கரப்பான் துண்டுகள். கம்பளி கிடைத்தால் அதையும் மெல்லும், பருத்தியைத் தொடாது. ஆக, அதிகமாகத் தெரிகிறது என்றால் ஒட்டடை அடித்து நாளாகிவிட்டது, அறையில் ஈரமும் நிறைய இருக்கிறது என்றுதான் பொருள். ஒட்டடைக்குச்சி, துடைப்பம், குளியலறைக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், இவ்வளவு போதும். இதற்கு மருந்து அடிப்பது காசுக்குக் கேடு.

எந்தெந்தத் துணிக்கு உண்மையிலேயே ஆபத்து?

கெரட்டின் என்ற புரதம் உள்ள எதுவும். நம் தலைமுடியும் நகமும் அதனால் ஆனவை, ஆட்டு உரோமமும் பறவை இறகும் அப்படியே. பெரும்பாலான உயிரினங்களுக்கு இது செரிக்காது, மூலக்கூறுகளைக் கந்தகப் பிணைப்புகள் அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கும். துணி அந்தின் புழுவைப் போன்ற சிலவற்றின் குடலுக்குத்தான் அந்தப் பிணைப்பை அறுக்கும் தன்மை இருக்கிறது. ஆகவே ஸ்வெட்டர், மப்ளர், கம்பளி, பஷ்மினா சால்வை, உல்லன் கோட், உல்லன் கார்ப்பெட் எல்லாம் முதல் வரிசை. மேடையில் போர்த்தும் பொன்னாடையைப் பற்றிக் கவலையே வேண்டாம், இப்போது அது பெரும்பாலும் பாலியஸ்டர், எந்தப் புழுவும் சீந்தாது.

துணி என்று நமக்குத் தோன்றாதவையும் இந்தப் பட்டியலில் உண்டு. நாட்டியத்துக்கு வாங்கி ட்ரங்குப் பெட்டியில் போட்ட நிஜமுடிச் சவுரி, பூஜையறைச் சாமரம், சாமி படத்துக்குப் பின்னால் செருகிய மயிலிறகு, பழைய ஆர்மோனியத்துக்குள் இருக்கும் கம்பளி ஒட்டு, பன்றிமுடி வைத்த பெயிண்ட் பிரஷ். மயிலிறகில் கண் பகுதி உதிர்ந்து நடுத்தண்டு மட்டும் மொட்டையாக நின்றால் அங்கே புழு இருந்திருக்கிறது. பீரோவில் தேடித்தேடி ஒன்றும் கிடைக்காதவர்களைப் பூஜையறையில் பார்க்கச் சொல்வது வழக்கம், பல நேரம் அங்கேதான் இருக்கும்.

அப்போ பட்டுப்புடவைக்கு ஆபத்து இல்லையா? பட்டும் புழு நூல்தானே?

பட்டும் புரதம்தான், ஆனால் வேறு புரதம், ஃபைப்ராயின். அதில் கெரட்டின் இல்லை. கம்பளியும் பட்டும் பக்கத்தில் இருந்தால் துணி அந்துப் புழு கம்பளிக்குத்தான் போகும். அதற்காகப் பட்டு தப்பித்தது என்று சொல்லிவிட முடியாது. வியர்வை பட்ட ரவிக்கை அக்குள், பந்தியில் பாயசம் சிந்திய கொசுவம், நெய்க்கை துடைத்த முந்தானை, இந்த இடங்களைப் புழு தேடி வரும். வெறும் இழையில் இல்லாத உப்பும் சத்தும் அழுக்கில் கிடைக்கிறது. கல்யாண வீட்டிலிருந்து வந்ததும் மடித்து அப்படியே பீரோவில் வைத்த புடவைதான் முதலில் மாட்டும்.

பட்டுக்கு அந்தை விடப் பெரிய எதிரி கம்பள வண்டு. வண்டு 2, 3 மில்லிமீட்டர் உருண்டையாக ஜன்னலோரத்தில் திரியும், பூ மகரந்தம் தின்னும், தொல்லை இல்லை. அதன் புழுதான் உடம்பெல்லாம் முடியோடு, பழுப்பு வரிகளோடு பட்டு, கம்பளி, இறகு, தோல், செத்த பூச்சி எல்லாவற்றையும் தின்னும். வளர வளரத் தோலுரித்துக்கொண்டே போகும். மடிப்பில் முடியோடு கூடிய காலித் தோல்கள் கிடந்தால் அது அந்து இல்லை, வண்டு.

காட்டன் புடவையில ஓட்டை விழுந்திருக்கு. அதுவும் அந்தா?

அநேகமாக இல்லை. பருத்தி தாவர நார், அந்துக்கு உணவே கிடையாது. கஞ்சி போட்டு வைத்த காட்டன் புடவை, வேட்டி என்றால் இராமபாணப் பூச்சியைச் சந்தேகியுங்கள். வெள்ளி நிறத்தில் வாலில் மூன்று மயிர் நீட்டிக்கொண்டு பழைய புத்தகத்துக்குள் ஓடுமே, அதுதான். அதற்கு மாவுச்சத்து வேண்டும், கஞ்சியைச் சுரண்டும்போது இழையும் சேர்ந்து போகும். ரேயானையும் அதே மாதிரி சுரண்டும். கரப்பானும் சாப்பாட்டுக் கறையைத் தேடிக் கடிக்கும். நாள்கணக்கில் உடுத்தாமல் வைக்கப்போகும் காட்டன் துணிக்குக் கஞ்சி போடாமல் வைப்பதே நல்லது, எடுத்து உடுத்தும்போது போட்டுக்கொள்ளலாம்.

என் டிஷர்ட் எல்லாத்துலயும் வயித்துப் பக்கம் குட்டிக் குட்டி ஓட்டை. என்ன பூச்சி?

பூச்சியே இல்லை. ஜீன்ஸ் பட்டன், பெல்ட் பக்கிள், அடுப்படி மேடை விளிம்பு, இவற்றோடு உரசி வருவது. எல்லாச் சட்டையிலும் ஒரே உயரத்தில் ஓட்டை விழுந்தால் புழுவுக்கு அவ்வளவு ஒழுங்கு கிடையாது என்று புரிந்துகொள்ளலாம்.

ஓட்டையை மட்டும் பார்த்து எது பண்ணுச்சுன்னு சொல்ல முடியுமா?

ஓட்டையை விட அதைச் சுற்றிக் கிடப்பவைதான் சொல்லும். துணியை வெள்ளைப் பேப்பர் மேல் விரித்து உதறுங்கள், மடிப்பு, தையல், காலர் அடியெல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள். மெல்லிய பட்டுக்குழாய்களும் வலையும், கூடவே மணல் போன்ற எச்சமும் இருந்தால் துணி அந்து. அந்த எச்சம் துணியின் நிறத்திலேயே இருக்கும், சிவப்பு ஸ்வெட்டர் தின்ற புழு சிவப்பாகத்தான் போடும், அதனால்தான் பலர் அதைத் துணித்தூசு என்று தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். முடித்தோல் இருந்தால் வண்டு. வலையும் தோலும் இல்லாமல் மேல்பரப்பு மட்டும் சுரண்டினாற்போல் இருந்து, அங்கங்கே மஞ்சள் கறை தெரிந்தால் இராமபாணம். ஓரத்தில் கடித்து, கறுப்பு எச்சமும் கரப்பான் நாற்றமும் இருந்தால் கரப்பான். மண்பூச்சு தெரிந்தால் கரையான், அப்போது துணியை விட்டுவிட்டு மர பீரோவின் முதுகைப் பாருங்கள். ஒரு பிடி துணியே காணாமல் போயிருந்தால் எலி.

பட்டில் மடிப்பு வரியிலேயே நீளமாகக் கிழிந்திருந்தால் பூச்சிக்குச் சம்பந்தமில்லை, வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்து இழை ஒடிந்திருக்கிறது. இரும்பு பீரோவின் துருக்கறை பட்ட இடத்திலும் துணி நைந்து ஓட்டையாகும்.

ஸ்வெட்டரை எடுத்தப்போ நல்லாத்தான் இருந்துச்சு, துவைச்சதும் ஓட்டை ஓட்டையா ஆயிடுச்சு. சோப்புத்தூள் காரணமா?

சோப்பைத் திட்ட வேண்டாம். புழு எப்போதும் ஆர்ப்பாட்டமாக ஓட்டை போடாது. மேலாக மேய்ந்துகொண்டே போகும், இழை பாதி அறுந்து அடுத்த இழையின் பிடிப்பில் நிற்கும். பின்னலாடையாக இருப்பதால் பார்வைக்கு முழுசாகத் தெரியும். தண்ணீரில் நனைந்து கசக்கும்போது பாதி அறுந்தது முழுக்க அறுந்து கண்விட்டுவிடும். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தால் துவைக்கும் முன்பே மெலிந்த இடங்கள் தெரிந்திருக்கும்.

அந்துருண்டை போட்டுத்தான் வெச்சிருந்தேன், அப்படியும் வந்துருச்சே?

இதைத்தான் எல்லோரும் கோபமாகக் கேட்கிறார்கள். அந்துருண்டை, சிலர் பாச்சை உருண்டை என்பார்கள், வாசனையால் பூச்சியை விரட்டும் என்று நினைத்து மூலைக்கு ஒன்று போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறோம். அது வேலை செய்வது ஆவியால். உருண்டை கரைந்து ஆவியாகி, அந்த ஆவி மூடிய இடத்தில் அடர்த்தியாகத் தேங்கினால்தான் புழு சாகும். தினமும் நாலு முறை திறக்கும் பீரோவில், கதவிடுக்கு வழியாக ஆவி அறைக்குள் வந்து உங்கள் மூக்கில்தான் ஏறும். மூடி இறுகிய ட்ரங்குப் பெட்டி, ஜிப் வைத்த கெட்டிப் பை என்றால் பலன் உண்டு. ஆவி காற்றை விடக் கனமானது, ஆகவே அடியில் போடாமல் துணிக்கு மேல், ஒரு பழைய பருத்தித் துணியில் முடிந்து வைக்க வேண்டும். உருண்டை நேராகத் துணியிலோ ஜரிகையிலோ படக் கூடாது.

இன்னொன்று, ஏற்கெனவே முட்டை இருக்கும் அழுக்குத் துணியை உள்ளே வைத்து உருண்டையும் போட்டால், புழுவைப் பூட்டிவைத்துச் சோறு போட்ட கதைதான். சுத்தம் செய்தது பாதி வேலையை முடித்துவிடும், உருண்டை கடைசியில் வருவது.

கடையில ரெண்டு மூணு விதமா வெள்ளை உருண்டை இருக்கு. எல்லாம் ஒண்ணுதானா?

இல்லை. பெரும்பாலும் நாப்தலின் அல்லது பாரா டைகுளோரோ பென்சீன். இவற்றோடு கற்பூரமும் உண்டு. பாக்கெட்டில் எழுதியிருக்கும், எழுத்து இல்லாமல் சில்லறையாக வாங்கியிருந்தால் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். சாதாரணத் தண்ணீரில் மிதந்தால் கற்பூரம். முங்கினால், உப்பு இனிமேல் கரையாது என்கிற வரை கரைத்த தண்ணீரில் போடுங்கள், அதில் மிதந்தால் நாப்தலின், அதிலும் முங்கினால் பாரா டைகுளோரோ பென்சீன்.

எதற்கு இந்தச் சோதனை என்றால், நாப்தலினையும் பாரா டைகுளோரோ பென்சீனையும் ஒரே பெட்டியில் போட்டால் இரண்டும் சேர்ந்து இளகி ஒழுகும், துணியில் பிசின் மாதிரிக் கறை பிடிக்கும். பாரா டைகுளோரோ பென்சீன் சில வகைப் பிளாஸ்டிக் பட்டன்களையும் ஹேங்கரையும் இளக்கிவிடும். பாட்டி வைத்த பழைய உருண்டை மிச்சமிருக்கும் பெட்டியில் புதிது போடுவதற்கு முன் பழையதை எடுத்துவிடுங்கள்.

கைக்குழந்தை இருக்கிற வீட்டுல அந்துருண்டை வைக்கலாமா?

வைக்காதீர்கள், இதில் நான் கறாராகவே சொல்வேன். நாப்தலின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, அந்துருண்டையோடு வைத்திருந்த துணியில் சுற்றியதாலேயே மஞ்சள் காமாலையும் ரத்தசோகையும் வந்திருக்கின்றன. அந்தக் குறைபாடு இருப்பது பெரும்பாலும் வீட்டாருக்குத் தெரிந்திருக்காது. பிள்ளைப்பேற்றுக்கென்று பரணிலிருந்து இறக்கும் பழைய வேட்டி, கம்பளி, தொட்டில் புடவை எல்லாவற்றையும் துவைத்து, வாசனை சுத்தமாகப் போகும்வரை காற்றாட உலர்த்தித்தான் பயன்படுத்த வேண்டும்.

தவழும் பிள்ளைக்கு அது மிட்டாய் மாதிரித் தெரியும் என்பது வேறு. விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று வீட்டில் எதுவும் செய்யாமல், பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கற்பூரமும் விழுங்கினால் ஆபத்துதான், வலிப்பு வரும். சாமிக்கு ஏற்றுவது என்பதால் அதை யாரும் விஷமாக நினைப்பதில்லை. நாப்தலினை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்கிற பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002இல் வைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நாப்தலின் அந்துருண்டை 2008இலிருந்து விற்பனையில் இல்லை.

வேப்பிலை, வசம்பு, கிராம்பு எல்லாம் சும்மாவா? பாட்டி அதைத்தானே வெச்சாங்க?

சும்மா இல்லை, ஆனால் அளவோடு நம்ப வேண்டும். வசம்பில் பூச்சிகளுக்கு ஒவ்வாத எண்ணெய் இருக்கிறது. தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் சுவடிகளுக்கு நடுவே வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து வைக்கும் வழக்கம் உண்டு. வாசனை குறையக் குறையப் பொட்டலத்தை மாற்ற வேண்டும், நாம் ஒருமுறை வைத்துவிட்டு மூன்று வருஷம் மறந்துவிடுகிறோம். இவை புதிதாக வரும் பூச்சியைத் தயங்க வைக்கும், உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லும் என்று எதிர்பார்க்காதீர்கள். வேப்பிலை என்றால் நிழலில் நன்றாகக் காய்ந்ததாக இருக்கட்டும், பச்சையாகப் போட்டால் பூஞ்சையும் கறையும்தான் மிச்சம்.

பாட்டி வசம்பு மட்டும் வைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை பெட்டியையே கவிழ்த்து, எல்லாவற்றையும் உதறி, காற்றாடப் போட்டு, மறுபடி மடித்து வைத்தார்கள். அவர்கள் துணி தப்பித்ததற்குப் பாதிக்குப் பாதி அந்த உதறல்தான் காரணம் என்பேன்.

வெயில்ல போட்டா செத்துருமா?

புழு வெளிச்சத்துக்குப் பயந்து துணியை விட்டு இறங்கி ஓடும், உதறினால் முட்டையும் கொஞ்சம் உதிரும். கொல்வதற்கு வெயில் மட்டும் போதாது, துணியின் உள்மடிப்பு வரை 55 டிகிரி செல்சியஸ் ஏறி ஒரு மணி நேரமாவது நிற்க வேண்டும். சித்திரை வெயிலில் மொட்டை மாடித் தரையில் கறுப்பு பாலித்தீன் பையில் பரத்தி வைத்தால் மெல்லிய கம்பளிக்கு அந்தச் சூடு கிடைக்கக்கூடும், தடித்த ரஜாய்க்குள் இறங்குவது சந்தேகம். சாயம் போகும் என்பதால் பட்டை நேர்வெயிலில் போடவே கூடாது, நிழலில் காற்றாடினால் போதும். ஈரத்துணி வைத்து இஸ்திரி போட முடிந்த கம்பளிக்கு அந்தச் சூட்டு ஆவியே முட்டையையும் புழுவையும் முடித்துவிடும், தையலோரத்தை விட்டுவிடாதீர்கள்.

ஃப்ரீசர்ல வைக்கலாம்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம்தான், அருங்காட்சியகங்களிலும் செய்கிறார்கள். ஒரு ஸ்வெட்டர், சால்வை, சவுரி என்றால் வீட்டிலேயே முடியும். காற்றைப் பிதுக்கி வெளியேற்றி ஜிப் பையில் இறுக மூடி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் விடுங்கள். ஒற்றைக்கதவு ஃப்ரிட்ஜின் மேல்பெட்டி பல வீடுகளில் அந்தக் குளிருக்குப் போவதில்லை, ஐஸ்க்ரீம் கல்லாக நின்றால்தான் நம்பலாம். வெளியே எடுத்ததும் பையைப் பிரித்துவிடாதீர்கள். அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியபடியே இருக்கட்டும், இல்லையென்றால் துணியெல்லாம் வியர்த்து ஈரமாகும்.

பூச்சி மருந்து ஸ்ப்ரே, ஒட்டுப்பொறி இதெல்லாம்?

கரப்பான் ஸ்ப்ரேயைத் துணி மேல் அடிக்காதீர்கள், கறையும் படியும், உடம்பிலும் படும். காலி பீரோவின் இடுக்குகளில் அடித்து, காய்ந்து, காற்றாடிய பிறகு துணியை வைப்பது வேறு விஷயம். எறும்புச் சாக்பீஸும் அப்படியே, அடுக்கில் கோடு போட்டால் துணியில் ஒட்டும். பெண் பூச்சியின் வாசனை பூசிய ஒட்டுப்பொறி ஆன்லைனில் கிடைக்கிறது. அதில் ஆண் பூச்சி மட்டும்தான் மாட்டும், எங்கே பூச்சி இருக்கிறது என்று கண்டுபிடிக்க உதவும், ஒழிக்க உதவாது. துணி அந்துக்கென்று வாங்கியதில் அரிசி அந்து மாட்டாது, சுவர்ப் பொட்டலமும் மாட்டாது. பறப்பதையெல்லாம் மட்டையால் அடித்துவிட்டோம் என்று நிம்மதி அடைபவர்களுக்கும் இதே பதில்தான்: பறப்பவை பெரும்பாலும் ஆண்கள், முட்டையிடும் பெண் மடிப்புக்குள் இருக்கிறாள்.

சரி, பட்டையும் கம்பளியையும் எப்படித்தான் வைக்கிறது?

உடுத்திய பட்டை அன்றே மடிக்காமல் நிழலில் காற்றாட விடுங்கள். கறை இருந்தால் டிரை வாஷுக்குக் கொடுத்துவிட்டு, அவர்கள் தரும் பாலித்தீன் கவரைக் கழற்றிவிட்டு, பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் அடைபடும். மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றுங்கள், மேலே சொன்ன மடிப்புக் கிழிசலுக்கும் அதுவே மருந்து, புழு இருந்தாலும் ஓட்டை பெரிதாவதற்குள் தெரிந்துவிடும். ஜரிகை கறுப்பது காற்றாலும் ஈரத்தாலும், அதைப் பூச்சிக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கம்பளியை நேர்மாறாக வையுங்கள். துவைத்து, ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்து, காற்றுப்புகாத ஜிப் பையிலோ இறுக்கமான டப்பாவிலோ. ஊட்டி போய்விட்டு வந்து ஒரு நாள்தானே போட்டேன் என்று துவைக்காமல் வைக்கும் ஸ்வெட்டர்தான் அடுத்த வருஷம் எனக்குப் படமாக வருகிறது.

எல்லாம் செஞ்சேன். ஆறு மாசத்துல திரும்ப வந்துடுச்சு. எங்கேயிருந்து வருது?

பீரோவுக்கு வெளியே ஒரு ஊற்று இருக்கிறது. துணி அந்தும் கம்பள வண்டும் நம் பீரோவைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் பறவைக்கூடுகளில் வாழ்ந்தவை, இன்றும் வாழ்கின்றன. ஏசி வெளிப்பெட்டிக்குப் பின்னால் புறா கூடு கட்டியிருக்கிறதா, வென்டிலேட்டரில் பழைய குருவிக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். குஞ்சு பறந்துபோன பிறகு கிடக்கும் இறகும் எச்சமும் அவற்றுக்கு விருந்து. குஞ்சு இல்லாத நேரமாகப் பார்த்து, மூக்கை மூடிக்கொண்டு அப்புறப்படுத்தி வலை அடியுங்கள். அப்புறம் பீரோவின் அடி, கட்டில் தலைமாட்டுக்குப் பின்புறம், சோபா இடுக்கு, இங்கெல்லாம் முடியும் தூசும் சுருண்டு கிடக்கும், வாக்குவம் போட்டு அந்தப் பையை வீட்டுக்கு வெளியே கொட்டுங்கள்.

பரணில் யாரும் தொடாத ஒன்று இருக்கும், தாத்தாவின் கம்பளி, பழைய கார்ப்பெட் சுருள், உடைந்த ஆர்மோனியம். முதல் பதிலில் சொன்ன இரண்டு வருஷக் கணக்கு இங்கேதான் வருகிறது. பீரோவை மட்டும் சுத்தம் செய்துவிட்டு ஆறு மாதத்தில் முடிந்தது என்று நினைத்தால், பரணில் மெதுவாக வளர்ந்துகொண்டிருந்த புழு அப்போதுதான் பூச்சியாகி இறங்கி வரும்.

ஓட்டை விழுந்த சால்வையைத் தூக்கிப் போட்டுடலாமா?

அவசரப்படாதீர்கள். முதலில் ஃப்ரீசரோ சூடோ கொடுத்துப் புழுவை முடித்துவிட்டு, டார்னிங் செய்பவரிடம் காட்டுங்கள், ரஃபூ என்றும் சொல்வார்கள். சால்வையின் உள்ஓரத்திலிருந்தே இழை எடுத்துப் பின்னுவார்கள், கைதேர்ந்தவர் செய்தால் எங்கே ஓட்டை இருந்தது என்று தேட வேண்டியிருக்கும். மயிலிறகையும் முடி கொட்டிய சவுரியையும் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது, பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்பிவிடுங்கள்.